கீழே வைக்கக் கூடாத மண்

பொற்கொடி தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. போன வாரம் அங்கேதான் விட்டோம். தோசை கருகிவிட்டது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

பேசியது பூங்கா வேலையின் மேஸ்திரி மாரிசாமி.

"அம்மா, கொஞ்சம் சைட்டுக்கு வர முடியுங்களா? வேலை நின்னு போச்சு."

"யாரு நிறுத்துனது? பிள்ளையார் பார்ட்டியா, ஆஞ்சநேயர் பார்ட்டியா?"

"ரெண்டு பேரும் இல்லீங்கம்மா." மாரிசாமி இழுத்தான். "உங்க மாமனாருங்க. ஜேசிபி முன்னால போய் நிக்கிறாரு. நகர மாட்டேங்கிறாரு."

பொற்கொடி அடுப்பை அணைத்தாள். உள்ளே நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்த கணவன் ராஜேஷ்குமார் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். மாமியார் தங்கமணி பேத்தி மேகலாவைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிடத் தெருமுனைக்குப் போயிருந்தாள். பொற்கொடி ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அவள் போய்ச் சேருவதற்குள், இப்போதுதான் கதைக்குள் வருகிறவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லிவிடலாம்.

ஓசூரில் ராயக்கோட்டை சாலைப் பக்கம் லேஅவுட் போட்டபோது, பூங்காவுக்கென்று சட்டப்படி மாநகராட்சிக்கு எழுதிக் கொடுத்த இடம் ஒன்று உண்டு. வருடக்கணக்காக அங்கே வேலிக்காத்தான் செடியும் பீர் பாட்டிலும்தான் இருந்தன. வார்டு பெண்களுக்கு என்று ஆனதும் ஊரில் ஆளாளுக்கு மனைவி பெயரில் நிற்கலாமா, அம்மா பெயரில் நிற்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, தன் பெயரைத் தானே எழுதிக் கொடுத்து நின்று ஜெயித்துக் கவுன்சிலர் ஆனவள் பொற்கொடி. பர்கூர்க்காரி. கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷனில் இருந்தவள். கோணல் இருந்தால் கோணல் என்று சொல்லிப் பழகிய வாய்.

அலைந்து திரிந்து பூங்காவுக்கு நிதி வாங்கினாள். அங்கேதான் வந்தது வினை. காலி இடமாகக் கிடந்தவரை எந்தச் சாமிக்கும் அது வேண்டியிருக்கவில்லை. மாநகராட்சி வேலி போட்டதும் எல்லாச் சாமிக்கும் வேண்டியிருந்தது. வாக்கிங் போகிறவர்கள் ஒரு சின்னப் பிள்ளையார் கேட்டார்கள். தெற்குத் தெருக்காரர்கள் ஆஞ்சநேயர் கேட்டார்கள். மாதா கோயில்காரர்கள் மூலையில் குகை மாதிரி ஒரு மாதா கெபி என்றார்கள்.

வார்டு கூட்டத்தில் பொற்கொடி எழுந்து சொன்னாள்: "பூங்கா எல்லார் வரிக் காசுலயும் கட்டுறது. சாமியை உங்க வீட்ல கும்பிடுங்க, கோயில்ல கும்பிடுங்க, சர்ச்ல கும்பிடுங்க. இங்க நடக்கலாம், உட்காரலாம், புள்ளைங்க விளையாடலாம். அவ்வளவுதான். எந்தச் சாமிக்கும் இங்க இடம் கிடையாது."

நமக்கு இல்லாவிட்டாலும் போகிறது, அவனுக்கும் இல்லை என்ற நிம்மதியில் எல்லோரும் கை தட்டினார்கள்.

கை தட்டாதவர் ஒருவர்தான். கிருஷ்ணப்பன். அந்த நிலம் முழுக்க ஒரு காலத்தில் அவர் குடும்பத்துக் கேழ்வரகுக் காடு. லேஅவுட் வருவதற்கு முன்பே அங்கே அவர்களுடைய முனேஸ்வரன் கற்கள் நின்றிருந்தன. பொற்கொடி அவர் வீட்டுக்கே போய், கற்களை எடுத்துவிடும்படி கேட்டாள். அவர் மனைவி செல்வம்மாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கிருஷ்ணப்பன் மட்டும் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "எல்லாருக்கும் ஒரே நியாயம்னா சரிம்மா" என்றார். சேவல் அறுத்து, கற்களைப் பெயர்த்து, உத்தனப்பள்ளியில் இருக்கும் தன் தோட்டத்துக்கு அவரே கொண்டுபோனார். அன்றைக்குக் கல்லின் ஒரு பக்கத்தைக் கிருஷ்ணப்பன் பிடித்தார். மறுபக்கத்தைப் பிடித்தவர் பொற்கொடியின் மாமனார் கருப்பசாமி.

அந்தக் கருப்பசாமிதான் இன்றைக்கு ஜேசிபி முன்னால் நிற்கிறார்.

பொற்கொடி போனபோது கூட்டம் சேர்ந்திருந்தது. வாக்கிங் ஆட்கள், டீக்கடை ஆட்கள், காரணமே இல்லாமல் நின்ற ஆட்கள். புங்கமரத்தடியில் ஜேசிபி கையைத் தூக்கியபடி நின்றது. அதற்கு முன்னால் கருப்பசாமி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மரத்துக்கு முதுகைக் காட்டி நின்றார். தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். விளாத்திகுளம் பக்கத்துக்காரர். வீட்டில் ரிமோட்டுக்குக்கூடச் சண்டை போடாத மனுஷன்.

"மாமா, என்ன இது? எல்லாரும் பாக்கறாங்க."

"ஒண்ணுமில்ல தாயி. இந்த இடத்துல மட்டும் தோண்ட வேண்டாம்."

"ஏன்?"

"மரம் பட்டுப் போயிரும். வேரு அறுந்துரும்ல."

மாரிசாமி குறுக்கே வந்தான். "அய்யா, மரத்தை விட்டுத் தள்ளித்தானுங்க தோண்டறோம். ட்ரெயினேஜ் லைன் இந்தப் பக்கம்தான் போவுது. பாத்ரூமை வேற எங்க கட்டறது?"

பூங்காவுக்குக் கழிப்பறை வேண்டும் என்று ஆபீஸ் ஆபீஸாக நின்றவள் பொற்கொடி. பெண்களுக்கு ஒன்று, ஆண்களுக்கு ஒன்று. பிளானில் அது இந்த மூலையில்தான் இருந்தது. கருப்பசாமிக்கும் தெரியும். பிளான் வீட்டுக்கு வந்த அன்று கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தவர்தான் அவர்.

"கக்கூஸை அங்கிட்டுத் தள்ளிக் கட்டட்டும்யா. இங்க மட்டும் வேண்டாம்" என்றார்.

"காரணம் சொல்லுங்க மாமா."

கருப்பசாமி தரையைப் பார்த்தார்.

அந்த நேரத்துக்குத்தான் கிருஷ்ணப்பன் டிவிஎஸ்ஸில் வந்து இறங்கினார். நிலம் கைவிட்டுப் போனாலும் காலையில் ஒரு தடவை இந்தப் பக்கம் வந்து பார்க்காவிட்டால் அவருக்குப் பொழுது போகாது. கருப்பசாமியும் அவரும் இதே மரத்தடியில் உட்கார்ந்து வருடக்கணக்காக டீ குடித்தவர்கள். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கருப்பசாமியின் முகத்தைப் பார்த்தார். பிறகு காலைப் பார்த்தார்.

"என்னாப்பா கருப்பசாமி, செருப்பு எங்க?"

கருப்பசாமி திடுக்கிட்டார்.

எல்லோரும் தேடினார்கள். செருப்பு அங்கே, பத்தடி தள்ளி, செங்கல் குவியல் ஓரமாக ஜோடியாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. முள்ளும் ஜல்லியும் கம்பித் துண்டும் கிடக்கிற இடத்தில் வெறுங்காலோடு நின்றார் கருப்பசாமி.

"முள்ளு மேல செருப்பில்லாம எவனும் நிக்க மாட்டான்" என்றார் கிருஷ்ணப்பன். குரல் மாறியிருந்தது. "சாமி முன்னால நின்னாத்தான் கழட்டுவான். எந்தச் சாமிப்பா இங்க கீது?"

ஜேசிபி டிரைவர் இன்ஜினை அணைத்தான்.

கருப்பசாமிக்குப் பொய் சொல்ல வராது. அதுதான் அவரிடம் உள்ள பெரிய குறை என்று தங்கமணி அடிக்கடி சொல்வாள். அவர் மரத்து வேரை ஒட்டி ஓரிடத்தைக் கையால் காட்டினார்.

"எங்க அய்யனாரு" என்றார்.

காட்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. கல் இல்லை, வேல் இல்லை, ஒரு பொட்டுக் குங்குமம்கூட இல்லை. மண்தான் இருந்தது.

"பிடிமண்ணு" என்றார் கருப்பசாமி. "ஊர்ல குலசாமி கோயில்ல ஒரு பிடி மண்ணு எடுத்தாந்து இங்க வச்சேன். வேற ஊருக்குப் பொழைக்கப் போனவுக அப்படித்தான் சாமியைக் கொண்டு போவோம். அந்த மண்ணு இருக்கிற இடம்தான் கோயிலு."

"மாமா!" என்றாள் பொற்கொடி. "எப்ப வச்சீங்க? ஏன் இங்க வச்சீங்க?"

"நானா வைக்கல தாயி. வைக்கும்படி ஆகிப்போச்சு."

அவர் சொன்னதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். சொந்தமாக ஒரு சென்ட் வாங்கி, வீடு கட்டி, அதன் வாசலில் குலசாமியை வைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். இடம் பேசி முடித்துப் பதிவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதை நம்பி ஊருக்குப் போய், பூசாரி கையால் பிடிமண் வாங்கி, மஞ்சள் துணியில் முடிந்து, மடியில் வைத்தபடி பஸ் ஏறினார். எடுத்த மண்ணை நிலைநிறுத்தும் இடம் வரும்வரை கீழே வைக்கக் கூடாது. பஸ் மாறும்போதும் கையில்தான். டீ குடிக்கும்போதும் கையில்தான். கிருஷ்ணகிரி தாண்டும்போது இடத் தரகர் போன் செய்தார். நிலத்தில் வில்லங்கம், பதிவு நடக்காது என்றார். சரி, அப்போது குடியிருந்த வாடகை வீட்டு மாடியில் தொட்டியிலாவது வைத்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஓசூரில் இறங்கியபோது ராஜேஷ் போன் செய்தான்.

"பொற்கொடிக்குக் குறை மாசத்துலயே வலி வந்து, பொம்பளப் புள்ள பொறந்திருக்குன்னான். சந்தோசம் ஒரு பக்கம். ஆனா தீட்டு வந்துட்டுல்ல? கேட்ட நிமிசத்துல இருந்து எனக்கும் தீட்டு. தீட்டுக் கையில அவரை வச்சிருக்கக் கூடாது. வீட்டுக்கும் கொண்டு போகக் கூடாது. கீழயும் வைக்கக் கூடாது. நான் என்னதான் செய்ய? இங்க ஒரு புங்கமரம் நிக்கிறது ஞாபகம் வந்துச்சு. ஓடியாந்து வச்சிட்டு, ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்."

கூட்டத்தில் ஒரு அம்மாள் 'த்சொ' என்றாள். மேகலா பிறந்த அன்று மாமனார் கையெல்லாம் புழுதியோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்றது பொற்கொடிக்கு ஞாபகம் வந்தது. பேத்தியைப் பார்க்க வருகிறவர் கை கழுவாமல் வந்திருக்கிறாரே என்று அன்றைக்கு எரிச்சல்பட்டிருந்தாள்.

கிருஷ்ணப்பனுக்கு மனசு இளகவில்லை. இளகும் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

"என் கல்லைப் பெயர்த்தப்ப ஒரு பக்கம் நீதானே புடிச்சே?" என்றார். "நான் அழுதேன். நீ தோளைத் தட்டிக் கொடுத்தே. அப்பவாவது சொல்லியிருக்கலாம் இல்ல, எனக்கும் இங்க ஒண்ணு கீதுன்னு?"

கருப்பசாமி தலையைத் தூக்கவில்லை. "சொல்லியிருக்கணும்" என்றார்.

"தேவுடா! என் சாமி கல்லு, அதனால கண்ணுக்குத் தெரிஞ்சது, போயிடுச்சு. உன் சாமி மண்ணு, தெரியல, இருந்துக்கிச்சு. அவ்ளோதானே உங்க நியாயம்?" அவர் பொற்கொடி பக்கம் திரும்பினார். "ஏம்மா, எல்லாருக்கும் ஒரே சட்டம்னு என் வீட்டு வாசல்ல வந்து சொன்னியே. உன் பேச்சை நம்பித்தான் எங்க அப்பன், தாத்தன் கும்பிட்ட கல்லைத் தொட்டேன். அன்னியிலேருந்து செல்வம்மா என்கூடச் சரியாப் பேசறதில்ல."

"அண்ணா, எனக்கே இப்பதான் தெரியும்."

"தெரிஞ்சிருச்சு இல்ல? நாளைக்குக் காலையில என் கல்லை வண்டியில ஏத்திக் கொண்டாந்து பழைய இடத்துலயே நடுவேன். எவன் வந்து தடுக்கிறான்னு பாக்கறேன்."

டிவிஎஸ் உதைபட்டுக் கிளம்பியது. பிள்ளையார் பார்ட்டியின் தலைவர், அவர் பெயர் நல்லுசாமி, அப்போதே போனை எடுத்துக் காதில் வைத்துவிட்டார். கிருஷ்ணப்பன் கல் நாளைக்கு வந்தால் பிள்ளையார் நாளை மறுநாள் வருவார், ஆஞ்சநேயர் அதற்கடுத்த நாள் பறந்தே வருவார் என்று பொற்கொடிக்குத் தெரியாதா? அப்புறம் பூங்காவில் குழந்தைகள் விளையாட எங்கே போவார்கள்?

ராஜேஷ்குமார் பைக்கில் வந்து சேர்ந்தான். தூக்கம் கலைந்த கண் இரண்டும் சிவந்திருந்தன. விஷயத்தைக் கேட்டான். பொற்கொடியைத் தண்ணீர் லாரிப் பக்கம் தனியாகக் கூப்பிட்டான். மாரிசாமியும் கூடவே ஒட்டிக்கொண்டான்.

"அம்மா, நான் ஒரு ஐடியா சொல்லட்டுங்களா?" என்றான் மாரிசாமி. "பாத்ரூமை டிரான்ஸ்பார்மர் பக்கம் தள்ளிடலாம். கொஞ்சம் பைப்புதான் கூட ஆவும். நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கறேன்."

"அதேதான்" என்றான் ராஜேஷ். "இங்க என்ன கோபுரமா இருக்கு? சிலையா இருக்கு? ஒரு பிடி மண்ணு. அதைப் போய் ஆக்கிரமிப்புன்னு எவன் சொல்லுவான்? கோர்ட்டுக்கே போனாலும் மண்ணைக் காட்டி இதுதான் கோயில்னு நிரூபிக்க முடியுமா?"

"நீங்களே சொல்றீங்க மண்ணுன்னு. அப்ப ஜேசிபியை விட்டு அள்ளச் சொல்லட்டுமா?"

ராஜேஷ் மரத்தடியைத் திரும்பிப் பார்த்தான்.

"முடியாதில்ல?" என்றாள் பொற்கொடி. "கும்பிடும்போது சாமி, கேள்வி கேட்டா மண்ணா? பங்குனி உத்திரத்துக்கு மாமா இங்க வந்து சூடம் ஏத்தியிருப்பாரு. அடுத்த வருஷம் யாராவது ஒரு கல்லு வைப்பாங்க. அதுக்கப்புறம் ஒரு தகரக் கூரை. கவுன்சிலர் வீட்டுச் சாமின்னு உண்டியலே வச்சிருவாங்க. வேற யாரு மாமனாரா இருந்தாலும் நான் என்ன சொல்லியிருப்பேனோ அதைத்தான் சொல்லணும்."

"அவர் உன் மாமனார், பொற்கொடி."

"அதனாலதாங்க வயிறு எரியுது" என்றாள் அவள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனாள்.

எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னாள். "மாமா, இதையும் எடுத்தாகணும். இன்னிக்கே எடுத்தாகணும். கிருஷ்ணப்பன் அண்ணாகிட்ட நான் சொன்ன வார்த்தைதான் உங்களுக்கும்."

கருப்பசாமி மருமகளை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. திட்டியிருந்தால்கூடப் பொற்கொடிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"எடுக்கிறது பெருசில்ல தாயி. எடுத்தா வைக்க இடம் வேணும். இடமில்லாம எடுத்தா கையிலதான் இருக்கும்."

"இடம் பாக்கலாம் மாமா. ஆனா இங்க இருக்க முடியாது."

அவர் தண்ணீர் லாரி டியூபைப் பிடித்துத் தலையில் தண்ணீர் விட்டுக்கொண்டார். ஈர வேட்டியோடு மரத்தடியில் உட்கார்ந்தார். மாரிசாமி கடப்பாரையை நீட்டினான். வேண்டாம் என்று தள்ளிவிட்டு விரலாலேயே மண்ணைக் கிளறினார். தோளில் கிடந்த துண்டை விரித்து ஒரு பிடி மண்ணை அள்ளி வைத்து முடிந்தார்.

"எத்தனை மழை பேஞ்சிருக்கும்! அதே மண்ணுதான்னு எப்படிங்க தெரியும்?" என்று நல்லுசாமி கேட்டார். வேண்டுமென்றேதான் கேட்டார்.

"எனக்குத் தெரியாதுய்யா. அவருக்குத் தெரியும்" என்றார் கருப்பசாமி.

ஜேசிபி டிரைவர் இன்ஜினை முடுக்கினான்.

ஓசூரில் வாடகை வீட்டில் மண் எங்கே இருக்கிறது? வாசல் சிமென்ட். கொல்லை சிமென்ட். மாடியில் தொட்டி வைத்தால் தண்ணீர் இறங்கும் என்று வீட்டுக்கார அம்மாள் ராஜலட்சுமி, இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்றே சொல்லிவிட்டாள். காவல் தெய்வத்தைப் படுக்கை அறையிலும் வைக்க முடியாது. ஆகவே கருப்பசாமி காம்பவுண்டுக்குள் வாசலோரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். மடியில் மூட்டை. இரண்டு கையும் மூட்டை மேல்.

தங்கமணி விஷயத்தைக் கேட்டதும் முதலில் தலையில் அடித்துக்கொண்டாள். "காலங்காத்தால வாக்கிங் வாக்கிங்னு கெளம்புனது இதுக்குத்தானா? சுகருக்கு நடக்காகன்னுல்ல நான் நெனச்சேன்! கட்டின பொண்டாட்டிகிட்டக்கூட வாய் திறக்கலையே இந்த மனுசன்!" திட்டிவிட்டு உள்ளே போய்ச் சோற்றைப் பிசைந்துகொண்டு வந்தாள். அவருக்குக் கை காலியாக இல்லையே. குழந்தைக்கு ஊட்டுவது மாதிரி ஊட்டினாள். ஊட்டிக்கொண்டே திட்டினாள்.

ராஜேஷ் இடம் பார்க்கப் போனான். தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் செய்தான். ஜூஜுவாடியில் ஒருவர் ஷெட் ஓரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். ஆனால் அடுத்த வருடம் ஷெட்டை இடித்துவிடுவாராம். இன்னொருவர், சாமிக்கெல்லாம் இடம் கொடுத்தால் பிற்பாடு பாத்தியதை கேட்பீர்கள் என்று நேரடியாகவே சொல்லிவிட்டார். அதில் தப்பும் இல்லை.

பொற்கொடி வார்டு வாட்ஸ்அப் குரூப்பில் நடந்ததை நடந்தபடி போட்டாள். என் மாமனார் வைத்த பிடிமண் பூங்காவில் இருந்தது, இன்று எடுத்துவிட்டோம், சொன்ன சொல்லில் மாற்றமில்லை. நல்லுசாமி கைகூப்பும் படம் ஒன்றைப் பதிலாகப் போட்டார். அதற்கு என்ன அர்த்தமோ, அவருக்கே வெளிச்சம். கிருஷ்ணப்பன் படித்துவிட்டார் என்று நீல டிக் காட்டியது. பதில் வரவில்லை.

மதியம் தாண்டியது. பொற்கொடி மாநகராட்சி அலுவலகத்துக்குப் போய்விட்டுத் திரும்பியபோதும் கருப்பசாமி அதே நாற்காலியில் அப்படியே இருந்தார். தங்கமணி சாயங்காலக் காப்பியில் ரொட்டியைத் தோய்த்து வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

கருப்பசாமி நெளிந்தார். காலை மாற்றி மாற்றி வைத்தார். முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"என்ன மாமா, முடியலையா?"

"ஒண்ணுமில்ல."

"என்னத்த ஒண்ணுமில்ல?" என்றாள் தங்கமணி. "சுகர்காரரு, மத்தியானத்துல இருந்து ஒண்ணுக்குப் போகல. மூட்டையோட எப்படிப் போவாரு? ராஜேசு வர்ற வரைக்கும் அடக்கிட்டு இருக்காரு."

காலையில் கழிப்பறை கட்டக் கூடாது என்று மல்லுக்கு நின்ற மனுஷன். பொற்கொடிக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணிலும் நீர் வந்தது.

"நீங்க கொஞ்சம் வாங்கி வச்சுக்கக் கூடாதா அத்தை?"

"என் கை எச்சில் கையில்ல? ஊட்டிக்கிட்டிருக்கேன்ல?"

பொற்கொடி குழாயடியில் கை கால் கழுவினாள். ஈரக் கையைச் சேலையில் துடைக்காமல் வந்து அவர் முன்னால் நின்றாள். உடனே கையை நீட்ட அவளுக்குத் தயக்கமாக இருந்தது. ராஜேஷைக் காதலித்துக் கட்டிக்கொண்டவள் அவள். வேறு ஊர், வேறு ஜாதி. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் விளாத்திகுளம் கோயிலுக்கு அவளை யாரும் கூப்பிட்டதில்லை. அவளும் கேட்டதில்லை.

"நான் வாங்கலாமா மாமா? உங்க வழக்கத்துல…"

கருப்பசாமி அவளைப் பார்த்தார்.

"உனக்காகத்தான தாயி கொண்டாந்தேன்" என்றார்.

"எனக்காகவா?"

"பின்ன? ஊர்ல பங்காளிக ஒத்துக்கல. அந்தப் புள்ளயக் கூட்டிட்டு வந்தா கோயில் வாசலோட நிறுத்திருவோம்னு சொல்லிட்டாக. வயித்துல புள்ளயோட நீ வாசல்ல நிக்கிறதை என்னால பாக்க முடியுமா? நீ அவர்கிட்டப் போக முடியலேன்னா அவரு உன்கிட்ட வரட்டும்னுதான் கூட்டியாந்தேன். உன்கிட்டச் சொன்னா பங்காளிக பேசுன பேச்சையும் சொல்லணும். அதனால சொல்லல."

தங்கமணி காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது அவளுக்குத் தெரிந்த கதை. பிடிமண் மட்டும்தான் தெரியாதது.

பொற்கொடி அழுதுவிட்டாள். எல்லோர் முன்னாலும் எடுக்கச் சொன்ன சாமி அவளுக்காகவே வந்த சாமி என்று தெரிந்தபோது அழாமல் இருக்க அவள் என்ன கல்லா? ஆனால் மனசை மாற்றிக்கொள்ளவில்லை. காலையிலேயே இது தெரிந்திருந்தாலும் எடுக்கத்தான் சொல்லியிருப்பாள். அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"கோபமா மாமா?"

"கோபமெல்லாம் இல்ல. கொஞ்சம் வருத்தம்தான்" என்றார் கருப்பசாமி. "இந்தா, கெட்டியாப் பிடி. கீழ வச்சிராத. நான் ஒரு எட்டுப் போயிட்டு ஓடியாந்துருதேன்."

மூட்டை கை மாறியது. அவர் வேகமாக உள்ளே போனார்.

பொற்கொடி நாற்காலியில் உட்கார்ந்து மூட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். அது கனமாகவே இல்லை. ஈரத் துண்டு வெயிலில் காய்ந்து மொடமொடவென்று இருந்தது. இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டாள். முகத்தைத் துடைக்கவும் கை இல்லை.

கேட்டுக்கு வெளியே டிவிஎஸ் சத்தம் வந்து நின்றது.

கிருஷ்ணப்பன்.

தங்கமணி சட்டென்று மருமகள் பக்கம் நகர்ந்து நின்றாள். கிருஷ்ணப்பன் கேட்டின் மேல் கையை வைத்தபடி உள்ளே பார்த்தார். அழுத முகத்தோடு உட்கார்ந்திருந்த கவுன்சிலரைப் பார்த்தார். அவள் மடியில் இருந்த மூட்டையைப் பார்த்தார்.

"காலையிலேருந்து அப்படியேவா வெச்சிருக்கீங்க?"

"கீழ வைக்கக் கூடாதுங்களாம்ணா."

"ம்." அவர் மீசையைத் தடவினார். "வண்டிக்குச் சொல்லிட்டேன். கல்லை ஏத்தப் போனா செல்வம்மா குறுக்க நின்னுக்கிட்டா. இந்த மண்ணைப் பத்தி அவ ஒண்ணு சொல்லி அனுப்பிச்சிருக்கா. என் கல்லு விஷயம் இன்னும் முடியலம்மா. முதல்ல அதைப் பேசணும்."

"உள்ள வாங்கண்ணா, பேசலாம்."

கிருஷ்ணப்பன் உடனே உள்ளே வரவில்லை. தெருவிலேயே, கேட்டுக்கு வெளியிலேயே நின்று, இரண்டு செருப்பையும் கழற்றி டிவிஎஸ் பக்கத்தில் ஓரமாக வைத்தார். அப்புறம்தான் கேட்டைத் திறந்தார்.